ஜம்புத்தீவும் பிலடெல்பியாவும்

1801-ஆம் வருஷம் ஜூன் மாதம், திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் நவாபின் அரண்மனை வாசலில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருந்தது. காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒன்று. கையால் எழுதியது. கீழே மருது பாண்டியன் என்ற பெயர். ராஜாக்களின் ஊழியன், ஐரோப்பியர்களின் தீராப் பகைவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒரு கையொப்பம். சிவகங்கைச் சீமையின் சின்ன மருதுதான் அவர் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்குத் திருச்சிராப்பள்ளிப் பிரகடனம் என்று பெயர். ஜம்புத்தீவுப் பிரகடனம் என்றும் சொல்வார்கள். ஒரு மார்க் கேள்வி. ஆண்டு கேட்பார்கள், பெயர் கேட்பார்கள், அத்தோடு சரி. அதில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இதற்குச் சரியாக 25 வருஷம் முன்னால், 1776 ஜூலையில், பிலடெல்பியாவில் இன்னொரு காகிதம் வெளியானது. அதை அச்சடித்தார்கள். ஜான் டன்லப் என்பவரின் அச்சகத்தில் ஓர் இரவில் சுமார் 200 பிரதிகள். இன்று அவற்றில் 26 மிஞ்சியிருப்பதாகக் கணக்கு. ஒவ்வொன்றும் கோடிக்கணக்கில் விலை போகும். அந்தக் காகிதம்தான் அமெரிக்கா. ரத்தம், மொழி, மதம், மண் என்று மற்ற நாடுகள் தம்மைச் சொல்லிக்கொள்ளும் இடத்தில், அமெரிக்கர்கள் அந்தக் காகிதத்தில் உள்ள இரண்டு மூன்று வாக்கியங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். 2026 ஜூலை 4 அன்று அதற்கு 250 வயது.

ஒரு காகிதம் ஒரு தேசத்தின் பிறப்புச் சான்றிதழாகவும், இன்னொன்று ஒரு மார்க் கேள்வியாகவும் ஆனது ஏன்? அவன் ஜெயித்தான், இவன் தோற்றான் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். பாதி உண்மை அதுதான். மீதிப் பாதி இன்னும் சுவாரசியமானது.

*

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். எங்கேயோ இருக்கிற பிலடெல்பியாவையும் திருச்சி மெயின்கார்டு கேட்டையும் ஒரே மூச்சில் பேசுவது மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில்லையா? இல்லை. இரண்டு ஊரையும் கட்டியிருந்த கயிறு ஒன்றுதான். அதன் பெயர் கிழக்கிந்தியக் கம்பெனி.

1751-இல் முகமது அலி வாலாஜா திருச்சிக் கோட்டைக்குள் முற்றுகையில் சிக்கியிருந்தார். வெளியே சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும். கம்பெனியின் குமாஸ்தாவாக வந்து சிப்பாயான ராபர்ட் கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்து, முற்றுகையின் கவனத்தைத் திருப்பினார். 1752-இல் பிரெஞ்சுப் படை பின்வாங்கிப் போய் ஒளிந்துகொண்ட இடம் ஸ்ரீரங்கம் கோயில். அந்த மதில்களுக்குள் இருந்துதான் தளபதி லா சரணடைந்தார். சந்தா சாகிப்பின் தலை போயிற்று. கம்பெனி நாடாளத் தொடங்கியது வங்காளத்தில், பிளாசியில் என்று படிக்கிறோம். அதற்கு ஐந்து வருஷம் முன்பே அதன் ஒத்திகை காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் நடந்து முடிந்துவிட்டது. தெப்பக்குளத்துப் பக்கம் கிளைவ் பெயரில் ஒரு கட்டடம் இன்றைக்கும் உண்டு.

இரண்டு வருஷம் கழித்து, 1754-இல், அமெரிக்கக் காட்டில் 22 வயது ஜார்ஜ் வாஷிங்டன் ஒரு பிரெஞ்சுப் படைப் பிரிவைத் தாக்கினார். அதிலிருந்து கிளம்பியது ஏழாண்டுப் போர். ஒரே ஆங்கில - பிரெஞ்சுச் சண்டை, இரண்டு கண்டங்களில். போர் முடிந்ததும் கடன் கழுத்தை நெரித்தது. லண்டன் அரசு அந்தக் கடனை அமெரிக்கக் குடியேற்றங்களின் தலையில் வரியாகக் கட்டப் பார்த்தது. கம்பெனியும் திவாலாகும் நிலையில் இருந்தது. அதைக் காப்பாற்ற 1773-இல் தேயிலைச் சட்டம் வந்தது. அந்த வருஷம் டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்டது கம்பெனியின் தேயிலைதான். அதற்குச் சில வாரங்கள் முன்னால் ஜான் டிக்கின்சன் என்ற பென்சில்வேனியாக்காரர் ஒரு துண்டறிக்கை எழுதினார். ஆசியாவில் இந்தக் கம்பெனி என்ன செய்தது என்று பாருங்கள், வங்காளத்தில் ஜனங்களைப் பட்டினி போட்டுக் கொன்றவர்கள் இப்போது நம்மிடம் வருகிறார்கள் என்பது அதன் சாரம். 1770 பஞ்சத்தின் செய்தி அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

ஹைதர் அலியின் பெயரும் போய்ச் சேர்ந்திருந்தது. 1782-இல் பென்சில்வேனியாவின் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஹைதர் அலி என்று பெயர். டெலவேர் விரிகுடாவில் அது ஒரு பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது.

இன்னொரு ஆள் இருக்கிறார். 1781 அக்டோபரில் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ். அமெரிக்காவைத் தோற்ற ஆளை ஐந்து வருஷத்தில் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு அனுப்பினார்கள். 1792-இல் அவர் முகமது அலியோடு போட்ட உடன்படிக்கையில், பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் அதிகாரம் நவாப் கையிலிருந்து கம்பெனி கைக்குப் போனது. கட்டபொம்மனிடம் வரி கேட்க கலெக்டர் ஜாக்சன் வந்தது அந்த உடன்படிக்கையின் பேரில்தான். யார்க்டவுனில் விட்டதைப் பாஞ்சாலங்குறிச்சியில் பிடித்தார்கள் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் முற்றிலும் பொய் இல்லை.

லண்டன் பாராளுமன்றத்தில் இந்த இரண்டு முனைகளையும் சேர்த்துப் பார்த்தவர் எட்மண்ட் பர்க். 1775-இல் அமெரிக்கர்களோடு சமாதானமாகப் போக வேண்டும் என்று பேசினார். 1785-இல் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பேசினார். முகமது அலி, சண்டைச் செலவுக்கும் தன் ஆடம்பரத்துக்கும் கம்பெனி அதிகாரிகளிடமே தனிப்பட்ட முறையில் கடன் வாங்கி, புரோநோட்டு மேல் புரோநோட்டாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஈடாகக் கொடுத்தது தமிழ்நாட்டுக் கிராமங்களின் வரி வருமானம். கடன் பட்டார் நெஞ்சம் கலங்கியதோ இல்லையோ, உழுதவன் வயிறு கலங்கியது. அந்த முகமது அலி 1795-இல் இறந்து, திருச்சி நத்தர்வலி தர்காவில் அடங்கியிருக்கிறார். ஆறு வருஷம் கழித்து அவருடைய பழைய அரண்மனை வாசலில்தான் அந்தக் காகிதம் ஒட்டப்பட்டது.

*

இனி காகிதத்தில் என்ன இருந்தது என்று பார்ப்போம். நாம் படிப்பது கம்பெனிக் கோப்புகளில் தங்கிய ஆங்கில மொழிபெயர்ப்பை. தமிழ்நாட்டின் பெரிய அரசியல் ஆவணங்களில் ஒன்று எதிரியின் துபாஷி வாய்வழியாகத்தான் நம்மை வந்து சேர்கிறது. கே. ராஜய்யன் 1971-இல் தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய தன் நூலில் இதை முன்னிறுத்திய பிறகுதான் பரவலான கவனம் கிடைத்தது.

ஜம்புத்தீவில் வாழும் பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான்கள் அனைவருக்கும் என்று தொடங்குகிறது. நவாப் புத்திகெட்டுப்போய் ஐரோப்பியருக்கு இடம் கொடுத்தார், இப்போது விதவை போல நிற்கிறார். அவர்கள் சொன்ன வாக்கைத் தவறி நாட்டைத் தமதாக்கிக்கொண்டு ஜனங்களை நாயாக நடத்துகிறார்கள். உங்களுக்குள் ஒற்றுமை இல்லை, ஒருவரை ஒருவர் தூற்றிக்கொண்டு நாட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள். ஜனங்கள் ஏழையானார்கள், சோறு தண்ணீராயிற்று. மனுஷன் ஆயிரம் வருஷம் வாழ்ந்தாலும் சாகத்தான் போகிறான், புகழ்தான் மிஞ்சும். அவரவர் பரம்பரை உரிமை அவரவர்க்குத் திரும்ப வேண்டும். ஆகவே மீசை வைத்தவர்கள் எல்லாம் எழுந்திருங்கள். வயலில் இருப்பவனும் சரி, கம்பெனிப் பட்டாளத்தில் சுபேதார், ஹவில்தார், நாயக், சிப்பாய் என்று இருப்பவனும் சரி. வராதவனுக்கு வசவுகள். சபையில் சொல்ல முடியாத வசவு ஒன்றும் அதில் உண்டு.

கடைசியில் வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இதைப் படித்தவர் எழுதிப் பிரதி எடுத்து மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும். அப்படிச் செய்யாதவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான். முசல்மானாக இருந்தால் பன்றி ரத்தம் குடித்த பாவம். சுவரிலிருந்து இதைக் கிழிப்பவனுக்குப் பஞ்சமா பாதகம்.

படிக்கும்போது சிரிப்பு வரலாம். இதைப் பத்துப் பேருக்கு அனுப்பலைன்னா ரத்தம் கக்கிச் சாவாய்னு ஒரு காலத்தில் போஸ்ட் கார்டு வருமே, அந்த ஞாபகம். ஆனால் ஸ்ரீரங்கத்து மதிலுக்கு இந்த வாசகம் புதிது இல்லை. அந்தக் கோயிலில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் இருக்கின்றன. நிலம் கொடுத்தது, விளக்கு வைத்தது, வரி நீக்கியது. தமிழ்நாட்டுத் தானக் கல்வெட்டுகளின், செப்பேடுகளின் முடிவில் அடிக்கடி வருவது, இந்தத் தர்மத்துக்குக் கெடுதல் நினைத்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற தோஷத்தில் போவான் என்பதுதான். சின்ன மருது அந்த ஓம்படைக்கிளவியை எடுத்துத் தன் கலகத்துக்கு முத்திரையாகக் குத்தியிருக்கிறார். நாட்டை ஒரு தர்மமாக, முன்னோர் கொடுத்த தானமாக, கெடுத்தால் பாவம் சேரும் ஒரு பொதுச் சொத்தாக அவர் நினைத்தார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஜெபர்சன் குழுவும் அதே வேலையைத்தான் செய்தது. 1776 அறிக்கையின் பெரும்பகுதி மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மீதான குற்றப்பத்திரிகை. எண்ணினால் 27 குற்றச்சாட்டு. ஆங்கிலேயச் சட்ட மரபில், 1689 உரிமை அறிக்கையில் பழகிய வடிவம் அது. அங்கே ஜனங்கள் நம்பியது கோர்ட்டை, இங்கே நம்பியது கல்வெட்டை. இருவரும் தம் ஜனம் எதைப் பார்த்தால் நிமிர்ந்து நிற்குமோ அதில் எழுதினார்கள்.

ஜம்புத்தீவு என்ற சொல்லும் அப்படித்தான். கம்பெனி அப்போது கர்நாடகம், பாளையம், ஜில்லா என்று பேசிக்கொண்டிருந்தது. சின்ன மருதுவுக்கு முழு நாட்டையும் ஒரே வார்த்தையில் கூப்பிட வேண்டியிருந்தது. சங்கல்பம் செய்கிற ஒவ்வொருவர் வாயிலும் தினமும் வரும் சொல் அது. தமிழில் நாவலந்தீவு. ஸ்ரீரங்கத் தீவிலேயே திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடியில் ஜம்புகேசுவரர் இருக்கிறார். அந்த மதிலைப் பார்த்த எவருக்கும் அர்த்தம் சொல்லத் தேவை இருந்திருக்காது. இதைத் தேசியம் என்று சொல்லலாமா என்று வரலாற்று ஆசிரியர்கள் விவாதிக்கிறார்கள். சொல்லலாம் என்பேன், ஒரு எச்சரிக்கையோடு. 1776-இல் அமெரிக்கத் தேசியமும் அதே அளவுக்குத்தான் இருந்தது. ஜெபர்சன் என் நாடு என்று எழுதினால் பெரும்பாலும் வர்ஜீனியாவைத்தான் குறிப்பார்.

வெறும் காகிதமும் இல்லை அது. 1800-லிருந்தே விருப்பாட்சி கோபால நாயக்கர், மலபாரில் பழசி ராஜா, மைசூர்ப் பக்கம் தூந்தாஜி வாக் என்று ஒரு கூட்டணி உருவாகியிருந்தது. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி விழுந்ததும் சிறுவயலில் சின்ன மருதுவிடம் அடைக்கலம் புகுந்தார். அடுத்த மாதம் திருச்சிச் சுவரில் காகிதம்.

*

ஜூலை 6 அன்று சென்னையிலிருந்து எதிர்ப் பிரகடனம் வந்தது. கையெழுத்திட்ட கவர்னர் எட்வர்டு கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன். அப்பா திருச்சியில் தொடங்கியதை மகன் முடித்து வைத்தார். ஜூலை 31 அன்று புது நவாபோடு உடன்படிக்கை போட்டு, கர்நாடகத்தையே கம்பெனி எடுத்துக்கொண்டது. அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை. சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி, சிறுவன், எழுபதுக்கும் மேற்பட்ட மற்றவர்களோடு 1802 பிப்ரவரியில் பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்டான். சின்ன மருதுவிடம் ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொண்ட வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி, பிற்பாடு பினாங்கில் அந்தப் பையனைப் பார்த்ததைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். வயதுக்கு மீறித் தளர்ந்துபோயிருந்தானாம்.

தோல்விக்குக் காரணம் பீரங்கி, புதுக்கோட்டை, எட்டயபுரம் என்று பல சொல்லலாம். பிரகடனத்துக்கு உள்ளேயே ஒரு பலவீனம் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அவரவர் பரம்பரை உரிமை அவரவர்க்கு என்பது அதன் அடிப்படை. மருது சகோதரர்களோ பரம்பரை ராஜாக்கள் அல்லர், வேலுநாச்சியாரின் சேவகர்களாக இருந்து மேலே வந்தவர்கள். கம்பெனி அந்த இடத்தில் கை வைத்தது. இவர்களுக்குச் சிவகங்கை மேல் பிறப்புரிமை கிடையாது, அபகரித்தவர்கள் என்றது. படமாத்தூர் கௌரி வல்லபரைக் கூப்பிட்டு இவரே வாரிசு என்று பட்டம் கட்டியது. சீமையில் பாதி ஆதரவு அந்தப் பக்கம் சாய்ந்தது. ரத்தத்தை நியாயமாகச் சொன்னால், இன்னொரு ரத்தத்தைக் காட்டி அதை வாயடைத்துவிடலாம்.

பிலடெல்பியாக் காகிதம் வேறொன்றைச் சொன்னது. மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள், ஆளப்படுபவர் சம்மதத்தில்தான் அரசுக்கு நியாயம். இதற்கு வம்சாவளி காட்டி மறுப்புச் சொல்ல முடியாது.

ஆனால் சொன்னவர்கள் யார்? ஜெபர்சன் தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர். அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அவர் எழுதிய பத்தியைக் காங்கிரஸ் அடித்துவிட்டது. அந்த மண்ணின் பூர்வகுடிகளை அறிக்கை காட்டுமிராண்டிகள் என்கிறது. பெண்களை மறக்காதே என்று அபிகெய்ல் ஆடம்ஸ் கணவருக்கு எழுதினார், அவர் சிரித்து ஒதுக்கினார். இந்த வகையில் திருச்சிக் காகிதமும் சளைத்தது இல்லை. நான்கு வர்ணத்தையும் முசல்மானையும் பேர் சொல்லிக் கூப்பிட்டது, அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். நான்குக்கும் வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களின் பேர் அதில் இல்லை. தஞ்சாவூர், திருச்சி வயல்களில் பாதி உழைப்பு அவர்களுடையது. மீசை வைத்தவர்களே வாருங்கள் என்று கூப்பிட்டவர், எட்டு வருஷம் விருப்பாட்சியில் காத்திருந்து 1780-இல் சிவகங்கையை மீட்ட ஒரு ராணியின் ஊழியர். அவருக்கு மீசை இல்லை என்பது எழுதும்போது ஞாபகம் வந்ததோ என்னவோ.

ஆகவே அவர்கள் உத்தமர்கள், நம்மவர்கள் பழமைவாதிகள் என்ற கணக்கு செல்லாது. வித்தியாசம் காகிதம் எழுதப்பட்ட பிறகு நடந்ததில் இருக்கிறது.

*

அமெரிக்காவில் அந்தக் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தவர்கள் அதில் இடமில்லாதவர்கள். 1848-இல் செனெகா பால்ஸில் கூடிய பெண்கள், அதே வாக்கியத்தில் பெண்களையும் சேர்த்து எழுதித் தம் அறிக்கையாக்கினார்கள். 1852-இல் ரோசெஸ்டரில், அடிமைத்தனத்திலிருந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ், இந்தச் சுதந்திர தினம் அடிமைக்கு என்ன என்று கேட்டார். காகிதத்தைக் கிழிக்கவில்லை, படித்துக் காட்டினார். 1857-இல் உச்ச நீதிமன்றம் கறுப்பர்கள் குடிமக்களாக முடியாது, அந்த வாக்கியத்தை எழுதியவர்கள் அவர்களை நினைக்கவே இல்லை என்றது. 1863-இல் கெட்டிஸ்பர்க் மயானத்தில் நின்று லிங்கன் தேசத்தின் வயதைக் கணக்கிட்டது 1787 அரசியல் சாசனத்திலிருந்து அல்ல, 1776-இலிருந்து. சாசனத்தில் அடிமை முறைக்கு இடம் இருந்தது, 1776 வாக்கியத்தில் இல்லை. மார்ட்டின் லூதர் கிங் 1963-இல் இதையெல்லாம் ஒரு உவமையில் சொன்னார். முன்னோர் எழுதிக் கொடுத்த புரோநோட்டு அது, கறுப்பர்களுக்கு மட்டும் பணமில்லை என்று திரும்பி வந்துவிட்டது, வசூலிக்க வந்திருக்கிறோம் என்று.

நம்ம ஊர்க்காரர்களுக்குப் புரோநோட்டு என்றால் நன்றாகப் புரியும். எழுதிக் கொடுத்தவன் யோக்கியனா என்பது அங்கே விஷயம் இல்லை. கையெழுத்து அவனுடையதா, அதுதான் கேள்வி.

இந்த வசூலில் ஸ்ரீரங்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவின் 1790 குடியுரிமைச் சட்டம், சுதந்திரமான வெள்ளையர்களுக்கு மட்டும் என்றது. 1923-இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் வெள்ளையர் இல்லை, குடிமகனாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான் உயர்சாதி, ஆரியன், ஆகவே வெள்ளையன் என்பது அவர் தரப்பு வாதம். ரத்தத்தைக் காட்டிக் கேட்டார், ரத்தத்தைக் காட்டி மறுத்துவிட்டார்கள். சின்ன மருதுவுக்கு நடந்த அதே கதை. 1946-இல் கதவு கொஞ்சம் திறந்தது, வருஷத்துக்கு 100 பேர். 1965-இல்தான் நாட்டுவாரி ஒதுக்கீடு நீங்கியது. 1964 சிவில் உரிமைச் சட்டம் வந்து மறு வருஷம். தெருவில் அடிபட்டு, ஜெயிலுக்குப் போய் அந்தச் சூழலை உண்டாக்கியவர்கள் கறுப்பர்கள். சித்திரை வீதி, உத்திர வீதி வீடுகளிலிருந்து, ஆர்.இ.சி.யில் படித்து நியூஜெர்சிக்கும் டெக்ஸாஸுக்கும் போனவர்கள் நடந்துபோனது அந்தக் கதவு வழியாகத்தான். கையைத் தூக்கிக் குடியுரிமைப் பிரமாணம் எடுக்கும்போது, அவர்களிடம் குலம் கோத்திரம் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்கிற குரல் அங்கே எப்போதும் உண்டு. ரத்தமா வாக்கியமா என்ற சண்டை அமெரிக்காவில் 250 வருஷமாகத் தீரவில்லை. ஒருமுறை இது ஜெயிக்கும், ஒருமுறை அது. அங்கே குடியேறிய நம்மவர்களில் சிலர், தான் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தச் சொல்லும் பக்கத்தில் சேர்வதைப் பார்க்கிறோம். திண்ட் எந்த வாதத்தில் தோற்றார் என்பதை அவர்கள் ஒருமுறை படிக்கலாம்.

*

நம் காகிதத்துக்கு என்ன ஆயிற்று?

சுவரிலிருந்து போனது. ஐந்து வருஷம் கழித்து, 1806-இல், வேலூரில் சிப்பாய்கள் எழுந்தார்கள். சுபேதார், ஹவில்தார், நாயக் என்று சின்ன மருது கூப்பிட்ட அதே ஆட்கள். அதுவும் அடங்கியது. மருதிருவர் கதை கும்மியிலும் அம்மானையிலும் தங்கியது. 1959-இல் கண்ணதாசன் எடுத்த சிவகங்கைச் சீமை படத்தில் தங்கியது. ஆளை ஞாபகம் வைத்தோம், காகிதத்தை மறந்தோம். வருஷாவருஷம் அக்டோபரில் காளையார்கோயிலில் குருபூஜை நடக்கிறது. கூட்டம் வருகிறது, போலீஸ் வருகிறது, தடை உத்தரவு வருகிறது. எல்லாச் சாதியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, உங்களுக்குள் ஒற்றுமை இல்லாததால்தான் நாடு போனது என்று எழுதியவர், இன்று பிளெக்ஸ் பேனரில் அதிகமும் ஒரு சாதியின் ஆளாக நிற்கிறார். அவரைக் கொண்டாடுகிறவர்கள் மேல் மட்டும் குற்றமில்லை. மற்றவர்கள் அவரை அவர்களிடமே விட்டுவிட்டார்கள்.

அமெரிக்காவில் நடந்ததும் இங்கே நடக்காததும் இதுதான். திருச்சிக் காகிதத்தில் பேர் விடுபட்டவர்கள் யாரும் வந்து, இதில் எங்களையும் சேர் என்று சண்டை போடவில்லை. போட்டிருக்கவும் முடியாது. அதில் வசூலிக்க ஒரு வாக்குறுதி இல்லை. அது கொடுப்பது மானமும் ஒற்றுமையும், சமத்துவம் அல்ல. விடுபட்டவர்களுக்கு வசூலிக்கத் தக்க புரோநோட்டு இங்கே 1949-இல்தான் எழுதப்பட்டது. எழுதிய குழுவின் தலைவர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அது, மக்களாகிய நாம் என்று தொடங்குகிறது. அந்தத் தொடக்கம் அமெரிக்கச் சாசனத்தினுடையது. தீண்டாமையை ஒழித்தேன் என்று சொல்லும் 17-ஆம் பிரிவு நம்முடையது. அதை அரசியல் நிர்ணய சபை ஏற்பதற்கு முந்தின நாள், அம்பேத்கர் மகிழ்ச்சியாகப் பேசவில்லை. அரசியலில் சமத்துவம், வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டுக்குள் நுழைகிறோம், இதைச் சீக்கிரம் தீர்க்காவிட்டால் கட்டியதெல்லாம் இடியும் என்று எச்சரித்தார்.

இரண்டு காகிதமும் வேண்டியிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. ஒற்றுமை இல்லாத சமத்துவம் கோர்ட்டுப் படியில் நின்றுவிடுகிறது. சமத்துவம் இல்லாத ஒற்றுமையை முதல் வாரிசு வழக்கு வரும்போதே கம்பெனி உடைத்துவிடுகிறது.

திருச்சிக் கோட்டையின் மதில் இன்று இல்லை. அகழியைத் தூர்த்து ரோடு போட்டார்கள். பூலவார்டு என்ற பிரெஞ்சுச் சொல் ஆங்கிலம் வழியே வந்து, ஜனங்கள் வாயில் மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு என்று ஆயிற்று. பஸ் போகிறது. சொக்கநாத நாயக்கர் கட்டி, பின்னால் நவாப் இருந்த மாளிகையில் அருங்காட்சியகம். ஸ்ரீரங்கத்து மதில் அப்படியே இருக்கிறது. அந்த ஊர்ப் பெரியவர்களுக்கும் குருமார்களுக்கும் பிரகடனத்தின் முடிவில் தனியாக ஒரு வணக்கம் உண்டு. கோட்டையும் கோயிலும் கட்டிய ராஜாக்களின் ஜனங்கள் இப்போது தரித்திரத்தில் கிடக்கிறார்கள், எனக்கு ஆசீர்வாதம் செய்யுங்கள் என்று கேட்டுத்தான் சின்ன மருது முடிக்கிறார். படித்தவர் பிரதி எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்ற கட்டளையும் இன்னும் அமலில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்வியை எடுத்துவிட்டு, முழுப் பிரகடனத்தையும் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்து, இதில் யார் பேர் இல்லை என்று பிள்ளைகளைக் கேட்கலாம். அஞ்சு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.